ஒன்பதாம் பகுதி, வெளிநாட்டுப் படி

சிம்மக்கல்லில் முகமது யாசீனின் கடையில் இப்போது கண்காணிப்புக் கேமராக்கள் விற்கிறார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அது கேசட் பிரதி எடுக்கும் கடை. ‘பதினெட்டாம் மடை’ என்ற பதின்மூன்று வாரத் தொலைக்காட்சித் தொடர் கடல் தாண்டிப் போனபோது, ஒவ்வொரு கேசட்டும் அந்தக் கடையில்தான் பிரதியெடுக்கப்பட்டு, காடாத்துணியில் வைத்துத் தைக்கப்பட்டு, அரக்கு முத்திரை இடப்பட்டுப் போனது. காடாத்துணியின்மேல் முகவரி எழுதியவள், இயக்குநரின் உதவியாளராக இருந்த தமிழ்வாணி.

தமிழ்வாணிக்கு இப்போது அறுபத்தாறு வயது. கடையின் உள்ளறையில் உட்கார்ந்து, மலேசியாவிலிருந்து வந்த ஒன்பதாம் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது சரியன்று. திரைக்கு மேலே தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாசீன் மூக்கை உறிஞ்சினார்.

“யா அல்லா! என்னக்கா இது, இந்த அழுகை அழுகுது அந்தம்மா? நான்தான காப்பி எடுத்தேன். எனக்கு ஞாபகமே இல்லையே.”

“சத்தத்தைக் குறைச்சுட்டு ரேடியோவுல கிரிக்கெட் கேட்டுட்டு இருந்திருப்பீங்க.”

“இருந்திருப்பேன். அதுக்குத்தான் இப்ப சேத்து வச்சு அழ வைக்குது.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “இதைத் திரையிடலாம்னு மன்றத்துல சொல்லிட்டேன்க்கா. போஸ்டரே அடிக்கப் போறாக. ‘மதுரையில் முதன்முறையாக’ன்னு பெரிய எழுத்துல.”

“யாரைக் கேட்டுச் சொன்னீங்க?”

“யாரைக் கேக்கணும்? டைரக்டர் மவுத்தாகி இருவது வருசமாச்சு. மிச்சம் இருக்குறது நீங்களும் நானும். என்னைய நானே கேட்டேன், சரின்னுட்டேன். உங்கள இப்பக் கேக்குறேன்.”

பழைய தொடர்களைத் தேடித் திரையிடும் ஒரு மன்றம் எட்டு மாதங்களுக்கு முன்பு அவளிடம் வந்தது. இங்கே இருந்த மூலக் கேசட்டுகள் பூஞ்சை பிடித்து அழிந்துவிட்டன; எந்தெந்த நாட்டுக்கு விற்றோம், எங்கே ஒளிபரப்பானது என்று கண்டுபிடித்தால் ஒரு படியாவது மிஞ்சியிருக்கலாம் என்றார்கள். அவள் தன் பழைய பதிவேட்டை எடுத்தாள். மொரீஷியஸுக்குப் போன படி அங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, கப்பலில் திரும்பும்போது நனைந்து போயிருந்தது. சிங்கப்பூர் ஆறு வாரங்களோடு நிறுத்திக்கொண்டது. மலேசியாவில் பதின்மூன்றும் ஓடியிருந்தன. அங்கே நிலையத்துக் கிட்டங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இம்மானுவேல் என்பவர், குப்பையில் போகவிருந்த கேசட்டுகளை ஈப்போவில் இருந்த தம் வீட்டுக்கு எடுத்துப் போய் வைத்திருந்தார். அவர்தாம் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றி அனுப்பியவர்.

உள்நாட்டில் ஒரு வாரத்துக்கு இருபத்திரண்டு நிமிடம், மிச்சம் விளம்பரத்துக்கு. வெளிநாட்டு நிலையங்கள் இருபத்தெட்டு நிமிடம் கேட்டன. ஆகவே வெளிநாட்டுப் படியில் மட்டும் ஒவ்வொரு பகுதியிலும் ஆறு நிமிடம் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. ஒரு வாரம் கண்மாயில் மீன்பிடி, ஒரு வாரம் அழகர்கோவில் பாதையில் மாட்டுவண்டிகள். ஒன்பதாம் வாரம், செத்துப்போன தாயின் தலைமாட்டில் உட்கார்ந்து அழகம்மாள் வைத்த ஒப்பாரி. நடிப்பன்று, மெய்யான சாவு.

“அந்தம்மா இருக்காங்களாக்கா?”

“தெரியாது.”

அது பொய்யன்று. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காக முப்பத்து மூன்று ஆண்டுகள் அவள் பாடுபட்டிருந்தாள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால்கூட, அழகம்மாளின் ஊர் விலக்கு வழியாகப் போகாத பேருந்தாகப் பார்த்துத்தான் ஏறுவாள்.

“போஸ்டர் அடிக்க வேண்டாம். ரெண்டு நாள் பொறுங்க, யாசீன்.”

“ஏன்க்கா?”

“பொறுங்கன்னா பொறுங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். குரல் கடுமையாகத்தான் வந்தது. கைகள் பையின் வாரைத் தேடித் தடவின.

வீட்டில் பதிவேடு மேசைமேல் திறந்தபடியே கிடந்தது. சிவப்புக் கோடு, நீலக் கோடு, நாடு, நிலையம், அனுப்பிய நாள், பெற்ற நாள், திரும்பிய நாள். ஓரிடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. கேசட்டின்மேல் ஒட்டிய சீட்டு ஒருபக்கம் சாய்ந்திருந்தால் யாசீனிடமே திருப்பிக் கொடுத்து மறுபடி ஒட்ட வைத்தவள் அவள். நிறுத்துக்கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காட்சியின் நீளத்தை நொடிக்கணக்கில் குறிப்பதும் அவள் வேலையாகவே இருந்தது. “வாணி குறிச்சா அதுல ஒரு நொடி பிசகாது” என்பார் இயக்குநர்.

பதிவேட்டின் அடியில் ஒரு கோப்பு. அதன் மேலட்டையில் அவளுடைய முத்தான எழுத்தில், ‘பதில் எழுத வேண்டியவை’. உள்ளே இருந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் பதில் எழுதிய நாள் குறிக்கப்பட்டிருந்தது, ஒன்றைத் தவிர. அது நீல நிற விமான அஞ்சல். அவளுக்கு அது மனப்பாடம். ஆயினும் மறுபடி படித்தாள்.

‘ஐயா, உங்கள் தொடரில் ஒன்பதாம் வாரம் அழுகிறவள் என் தங்கை அழகம்மாள். செத்துக் கிடக்கிறது என் ஆத்தா. ஆத்தா செத்த சேதியே எனக்கு அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரியும். நான் கடை மாறி விட்டேன், தந்தி வந்து சேரவில்லை. கடை நிறைய ஆட்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது என் ஆத்தா என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. வாசல் மிதிக்காதே என்று தங்கை அழுது சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் வேறொருவர் வாசித்துக் காட்டுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் அவளை நேரில் கண்டு கேட்டு எனக்கு ஒரு வரி எழுதவும். மிதிக்கச் சொன்னால் வருகிறேன். ஆண்டிச்சாமி, ஈப்போ.’

பெறப்பட்ட நாள்: 14.3.1992. அதையும் அவளே குறித்திருந்தாள்.

அந்தத் தாய்க்குப் பால் தெளித்த மறுநாள் தமிழ்வாணிதான் அழகம்மாளிடம் அனுமதி கேட்கப் போனாள். துக்க வீட்டில் சொல்லியழுததை எவரும் வெளியே பேசுவதில்லை; அங்கே வைத வசவு குளித்ததும் போய்விடும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அதைப் படத்தில் போடுவதா என்று அழகம்மாள் தயங்கினாள். தமிழ்வாணி விளக்கினாள்: இங்கே போட மாட்டார்கள், வெளிநாட்டுக்குப் போகிற படியில் மட்டுந்தான். “சீமையில நம்மள யாருக்குத் தெரியும்?” என்று அழகம்மாளே சொல்லிச் சமாதானமானாள். பிறகு சட்டென்று கேட்டாள், “மலேயாவுலயும் போடுவீகளா? எங்கண்ணன் அங்கதான் ஒரு கடையில சமையல் வேலையில இருக்காரு.”

“இல்லைங்க. அங்க இல்லை.”

அன்றைக்கு அது உண்மை. நான்கு மாதம் கழித்து மலேசிய நிலையத்தின் ஒப்பந்தம் வந்தது. பதிவேட்டில் நான்காவது வரிசை எழுதியபோது அவள் பேனா நின்றது. நின்றது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. இயக்குநரிடம் சொன்னால், யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தாய் என்று கத்துவார். அடுத்த மாதம் ஒரு கல்லூரியில் வேலைக்கு நேர்முகம் இருந்தது. அவருடைய நற்சான்று வேண்டும். அவ்வளவு பெரிய நாட்டில் ஒரு சமையல்காரர் அந்த ஒரு வாரத்தையா பார்க்கப் போகிறார்? மையை உதறிவிட்டு வரிசையை முடித்தாள்.

கடிதம் வந்தபோது, அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் வேலை வந்தது. அதற்கப்புறம் போனால், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று போகவில்லை. நாள் கூடக்கூடக் கேள்வி பெரிதாயிற்று. கல்லூரியில், ஒரு நாள் தாமதமாக வந்த விண்ணப்பங்களை வாங்க மாட்டேன் என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவள் என்று அவளுக்குப் பெயர்.

மாலையில் இம்மானுவேலுக்குக் குரற்செய்தி அனுப்பினாள். கடிதத்தில் இருந்த கடையின் பெயரைச் சொல்லி, ஆண்டிச்சாமி என்று ஒருவர் இருந்தாரா என்று விசாரிக்கும்படி வேண்டினாள். மறுநாள் காலையில் பதில் வந்தது. அந்த ஊர்த் தமிழின் நிதானத்தோடு அவர் பேசினார்: “அம்மா, கடை இல்லை இப்போ. முதலாளி மகனைப் பார்த்தேன். சாமி மாமா ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல தவறிட்டாராம். கல்யாணம் கட்டிக்கல. ஊருக்கு ஏன் போகலன்னு கேட்டா, ஒரு கடுதாசி வரணும், வந்தா போவேன்னு சொல்லுவாராம். தபால்காரனை வச்சுப் பையனுங்க கேலி பண்ணுவாங்களாம், ‘மாமா, உங்க கடுதாசி வந்துடுச்சா’ன்னு.”

அவள் அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. கோப்பைப் பையில் வைத்துக்கொண்டு பெரியார் பேருந்து நிலையத்துக்குப் போய், அந்த ஊர் விலக்கில் நிற்கும் பேருந்தில் ஏறினாள்.

அழகம்மாள் இருந்தாள். எழுபத்தொரு வயது. வாசலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். கப்பலூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் அவள் மகன் விருமாண்டி, இரவு ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். அந்தச் சாவின்போது அவன் பத்து வயதுப் பையன்.

“யாரு தாயி? வெயில்ல நிக்காம உள்ள வாங்க.”

“நான் தமிழ்வாணி. கண்மாயில படம் எடுக்க வந்தோம். உங்க அம்மா தவறினப்ப…”

“அடியாத்தா!” அழகம்மாளின் முகம் மலர்ந்தது. “கழுத்துல கடியாரம் தொங்கப்போட்டுத் திரியுமே, அந்தப் புள்ளயா? தல நரச்சுப் போச்சே! ஏலே விருமாண்டி, இந்தம்மாதான்டா உனக்கு பிஸ்கோத்துக் கொடுத்துச்சு. தண்ணி கொண்டாடா.”

அந்த மலர்ச்சிதான் தாங்க முடியாததாக இருந்தது. தண்ணீர்ச் செம்பைத் தமிழ்வாணி வாங்கவில்லை. நின்றபடியே கோப்பைத் திறந்தாள்.

“உங்க அண்ணன் எழுதின கடிதம் ஒண்ணு என்கிட்ட இருக்கு.”

கீரைக் காம்பு அழகம்மாளின் கையிலிருந்து விழுந்தது. “எங்கண்ணனா? எங்க இருக்காரு?”

“முதல்ல இதைப் படிக்கிறேன்.”

படித்தாள். வாழ்நாளெல்லாம் பிழையின்றி வாசித்த குரல், ‘மிதிக்கச் சொன்னால்’ என்ற இடத்தில் சிக்கிற்று. மறுபடி தொடக்கத்திலிருந்து அந்த வரியைப் படித்து முடித்தாள். அழகம்மாள் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன தேதி போட்டிருக்கு தாயி?”

“தொண்ணூத்திரண்டு, மார்ச்சு.”

“இப்ப என்ன வருசம்?”

தமிழ்வாணி கடிதத்தை மடித்தாள். விருமாண்டி சொன்னான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

“ஏம்மா, படிச்சவுகதான நீங்க? அம்புட்டு வருசமும் இது எங்க இருந்துச்சு?”

“என் பெட்டியில.”

“மலேயாவுல போட மாட்டோம்னு சொன்னீகளாம்ல? எங்கம்மா சொல்லிருக்கு.”

“சொன்னேன். அப்புறம் போட்டாங்க. அது எனக்குத் தெரியும். வந்து சொல்லலை.”

“இப்ப எதுக்கு வந்தீக? அந்தப் படத்தை மறுக்காப் போடணும், அதுக்கு எங்கம்மா ரேகை வேணும். அதான?”

“போடணும்னு கேக்குறாங்க. ஆனா ரேகைக்கு வரலை. அண்ணன் ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல இறந்துட்டார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அழகம்மாள் விழுந்த கீரைக் காம்பை எடுத்து மடியில் வைத்தாள். “அந்தப் படம் இருக்கா?” என்று கேட்டாள். “நான் என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இல்ல தாயி. எவளுக்கு இருக்கும்? எங்கண்ணன் என்ன கேட்டாருன்னு நான் கேக்கணும்.”

யாசீன் செல்பேசியில் ஏற்றிக் கொடுத்திருந்தார். விருமாண்டி வாங்கித் தாயின் முகத்துக்கு நேரே பிடித்தான். சிறிய திரையில் முப்பத்தெட்டு வயது அழகம்மாள் தலைவிரி கோலமாக மார்பில் அடித்துக்கொண்டாள்.

“ஏழுகடல் சீமையில எங்கண்ணன் குடியிருக்க
எழவு சொல்லிப் போன தந்தி எந்தக் காட்டில் விழுந்துச்சோ
வாசலுக்கு வந்தாலும் வரப்போரம் நின்னாலும்
ஓம் பாதம் படவேணாம், ஓங் கொள்ளி வேணாமய்யா…”

ஆறு நிமிடமும் அப்படியே போயிற்று. பிறகு திரையில் கண்மாய்க் கரையும் கொக்குகளும் வந்தன. அழகம்மாள் நிமிர்ந்தாள்.

“மிச்சம் எங்க?”

“அவ்வளவுதான்.”

“என்ன அவ்வளவுதான்? வையிறது மட்டும் இருக்கு, கூப்பிடுறது எங்க? வஞ்சு முடிச்சு நாலு வார்த்த கூப்பிடாம எவ தாயி அழுகைய நிப்பாட்டுவா? ‘வந்துருய்யா, வையிற வாயிதான் வழி பாத்து நிக்குது’ன்னு நான் கூப்பிட்டிருப்பேனே! அம்புட்டுப் பொம்பளைகளும் கேட்டுருப்பாளுகளே!”

தமிழ்வாணிக்கு அப்போது நினைவு வந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கடிதத்தையே எண்ணிக் கூசியவளுக்கு இது ஒருநாளும் நினைவில் வந்ததில்லை. யாசீனின் கடை, இரண்டு கருவிகள், கழுத்தில் கடிகாரம். ஒப்பாரி மொத்தம் பதினொரு நிமிடம். ஆறு நிமிடம் போதும். அழகம்மாள் மூச்சு வாங்கிய இடத்தில் பொத்தானை அமுக்கி, ‘இங்கே வெட்டுக’ என்று நொடி பிசகாமல் எழுதிக் கொடுத்தவள் அவள். மிச்சம் இருந்த கேசட்டின்மேல் மறுவாரம் வேறு படப்பிடிப்பைப் பதிந்துவிட்டார்கள்.

“கூப்பிட்டீங்க” என்றாள். “நான்தான் வெட்டினேன்.”

விருமாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அழகம்மாள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

“அத எங்கயும் போடக்கூடாது தாயி. பாதி அழுகைய ஊருக்குக் காட்டுனா அது சாபம் விட்ட கணக்கு.”

“போட மாட்டாங்க. ஏன் போடலைன்னு மன்றத்துல நானே சொல்றேன். என் பேரைச் சொல்லிச் சொல்றேன்.”

எந்த ஆண்டில் நடந்த சாவானாலும் சேதி காதில் விழுந்த அன்றுதான் அழுகை, அன்றுதான் தலைமுழுக்கு. அழகம்மாள் கொண்டையை அவிழ்த்தாள். “ஏலே, பெரிய வீட்டு ஆச்சிய வரச்சொல்லு. நாகஜோதியக் கூப்பிடு. ஒங்க மாமன் செத்துப்போனாரு” என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். வாசலிலேயே வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கோத்துக்கொண்டார்கள். தமிழ்வாணி வேப்பமரத்தடியில் நின்றாள். வட்டத்தில் அவளுக்கு இடமில்லை. போகலாம் என்றும் எவரும் சொல்லவில்லை.

அழகம்மாள் எடுத்த எடுப்பில் அவளைத்தான் பாடினாள்.

“அண்ணன் சீமைக்குப் போகாதுன்னு சொன்னாளே சீமாட்டி
செத்த கத தெரியாத செல்வனுக்கு அனுப்பி வச்சா
முத்து முத்தா எழுதுறவ ஒத்த எழுத்து எழுதலையே
‘வா’ன்னு ஒரு சொல்லெழுத வருசம் முப்பது ஆயிருச்சே…”

பெண்களில் ஒருத்தி தலையைத் திருப்பி மரத்தடியைப் பார்த்துவிட்டு அழுகையைத் தொடர்ந்தாள். தமிழ்வாணி முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தது. திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. கை தானாகக் கழுத்தருகே போய், அங்கே தொங்காத கடிகாரத்தைத் தேடிற்று. கையைக் கீழே இறக்கிக்கொண்டாள். இந்த முறை எவ்வளவு நேரமானாலும் முடிவு வரை நிற்க வேண்டும்.

பாட்டு அண்ணன் பக்கம் திரும்பியது. முதலில் அவனையும் வைதாள். ஒரு வரி எழுத என்ன கேடு, தங்கை வைதால் அது வசவா, அந்த வித்தியாசம் தெரியாத மனிதனா நீ என்று வைதாள். பிறகு மூச்சு வாங்கினாள். அந்த இடம் தமிழ்வாணிக்குத் தெரிந்தது. முன்பு அவள் பொத்தானை அமுக்கிய இடம்.

“வந்துருய்யா எங்கண்ணே, வாசல் தெளிச்சு வச்சிருக்கேன்
வையிற வாயிதான் வழி பாத்து நிக்குதய்யா…”

அழைப்பு நெடுநேரம் போயிற்று. அண்ணனை அழைத்தாள், ஆத்தாவை அழைத்தாள், செத்துப்போன தன் புருசனையும் பெயர் சொல்லி அழைத்தாள். வைத ஒவ்வொருவரையும் அழைத்தாள். தமிழ்வாணி தன்னையறியாமல் காத்திருந்தாள். அழுகை ஓய்ந்தது, பெண்கள் கையை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார்கள். அவள் பெயர் அழைப்பில் வரவில்லை. அழைப்பு உறவுக்கு உரியது.

அழகம்மாள் குழாயடிக்குப் போய் உட்கார்ந்தாள். நாகஜோதி குடத்து நீரை அவள் தலையில் ஊற்றினாள். விருமாண்டி அம்மாவின் மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு வந்தான். கடிதத்தைத் தமிழ்வாணி கட்டிலின்மேல் வைத்து, காற்றில் பறக்காமல் செம்பை அதன்மேல் எடுத்து வைத்தாள்.

சாவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. தொண்ணூற்றொன்றிலும் அவள் அப்படித்தான் சொல்லாமல் போனாள். அன்றைக்கு அந்த வழக்கம் வசதியாக இருந்தது. இன்று படலைத் தாண்டும்போது அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தாள். குழாயடியில் எல்லாருடைய முதுகும் அவள் பக்கம் இருந்தது. சொல்லாமலே சாலைக்கு நடந்தாள்.